நாலு வயது, பத்து மாதம்: இரண்டு பிள்ளைகளோடு வீடு மாறுவது

கேள்வி இதுதான். கணவருக்குக் கோவைக்கு மாற்றல். வேளச்சேரி வாடகை வீட்டைக் காலி செய்து, மே கடைசியில் சரவணம்பட்டிப் பக்கம் குடிபோக வேண்டும். மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவனுக்குப் பத்து மாதம். சாமான் கட்டிப் பிரித்து முடிகிறவரை இரண்டு பேரையும் பத்துப் பதினைந்து நாள் திருநெல்வேலியில் மாமியாரிடம் விட்டுவிடலாமா? மூத்தவள் இப்போதே "நான் வரமாட்டேன், நீங்க மட்டும் போங்க" என்று அழுகிறாள், என்ன சொல்வது? எதை முதலில் கட்டுவது, எதைக் கடைசியில் கட்டுவது?

எங்களுடையது வங்கி வேலைக் குடும்பம். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு ஊர் என்று பெட்டி கட்டியே பிள்ளைகளை வளர்த்தோம். பிறகு மழலையர் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், ஒவ்வொரு ஜூன் மாதமும் வேறு ஊரிலிருந்து வீடு மாறி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: விடாதீர்கள். முக்கியமாகச் சின்னவனை விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு இது வசதியான ஏற்பாடாகத் தெரியும், தெரியத்தான் செய்யும். பிள்ளைகள் இல்லாமல் மூன்று நாளில் கட்டிப் பிரித்துவிடலாம். ஆனால் பத்து மாதம் என்பது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று புரிய ஆரம்பித்த வயது. எங்கோ இருக்கிறாள், ஏன் வரவில்லை என்ற கேள்விக்குத்தான் அவனிடம் விடை கிடையாது. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பிரிவுப் பயம் மிக அதிகம் இருக்கும் காலம். பாட்டி எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும், பதினைந்து நாள் கழித்து அம்மாவைப் பார்க்கும்போது அம்மா நிற்கும் வீடு வேறு, மணம் வேறு, சுவர் வேறு. ஒரே நேரத்தில் இரண்டு இழப்பு. அதற்கப்புறம் நீங்கள் குளிக்கப் போனால்கூட வீறிட்டு அழுவான், அது மாதக்கணக்கில் போகலாம். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அதிலேயே கரைந்துபோகும்.

நாலு வயதுக்காரிக்கு வேறு சிக்கல். அந்த வயதில் பிள்ளைகள் நடப்பதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைப்பார்கள். "நான் சுவத்துல கிறுக்கினேன், அதான் ஓனர் வீட்டைப் புடுங்கிட்டாரு" என்று எங்கள் பள்ளியில் ஒரு பையன் மிகவும் ரகசியமாக என்னிடம் சொன்னான். வீட்டில் யாருமே அப்படிச் சொல்லவில்லை. அவனாகக் கட்டிய கதை. ஊருக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது பழைய வீடே இல்லை என்றால், இப்படிக் கதை கட்ட நிறைய இடம் கிடைக்கும். அவள் கண் முன்னால் பெட்டி கட்டி, அவள் கண் முன்னால் லாரி போனால், வீடு எப்படிப் போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

மாமியாரின் உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளை அங்கே அனுப்புவதற்குப் பதில் அவரை இங்கே வரவழையுங்கள். சாமான் ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்பு வேளச்சேரிக்கு வரட்டும், உங்களோடே கோவைக்கும் வரட்டும். "அத்தை, நீங்க சமையல் பக்கமே வர வேண்டாம், பிள்ளைங்களை மட்டும் பாத்துக்கோங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் அடுப்படியைத் தோள்மேல் போட்டுக்கொள்வார், பிள்ளைகள் திரும்பவும் உங்கள் காலடிக்கே வந்துவிடும். அவரால் வர முடியாது என்றால், ஏற்றுகிற நாளுக்கு மட்டும் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும். தெரிந்தவர் என்பது முக்கியம். அன்று ஒரு நாளுக்காகப் புது ஆயாவை அமர்த்துவது வீண்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, கணவரின் விடுப்பு. பெரும்பாலோர் கட்டுகிற நாட்களுக்கு லீவ் போட்டுவிட்டு, புது ஊரில் மறுநாளே அலுவலகம் போய்விடுகிறார்கள். இது தலைகீழ். கட்டுவதற்குக் காசு கொடுத்தால் ஆள் வருவார்கள், அட்டைப்பெட்டியும் அவர்களே கொண்டுவருவார்கள். தெரியாத ஊரில், பாதி பிரித்த பெட்டிகளுக்கு நடுவில், பால்காரர் யார், தண்ணீர் எப்போது வரும் என்று எதுவுமே தெரியாமல் இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்பதுதான் கஷ்டம். நான்கு நாள் லீவ் கிடைக்கும் என்றால் மூன்று நாளைக் கோவைக்கு வையுங்கள்.

இனி மூத்தவளிடம் எப்படிச் சொல்வது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே பேச்சு அவள் காதில் விழுந்துவிட்டது, அதனால் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் அதைப் பேசாதீர்கள். நாலு வயதுக்கு "அடுத்த மாசக் கடைசி" என்றால் ஒன்றும் இல்லை, நாளைக்கே என்றுதான் பயப்படுவாள். இரண்டு வாரம் இருக்கும்போது, தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டரில் அந்தத் தேதித் தாளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். காலையில் தாள் கிழிப்பது அவள் வேலை. ஸ்டிக்கர் நெருங்கி வருவது கையில் தெரியும். வார்த்தையால் சொல்வதைவிட இது நன்றாகப் புரிகிறது.

"வரமாட்டேன்" என்று அழும்போது "அங்க பெரிய வீடு, பார்க், ஊஞ்சல்" என்று அடுக்குவோம். அவள் கேட்பது அதை இல்லை. அவள் கவலை மிகச் சின்னதாக, திட்டவட்டமாக இருக்கும். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வெளியே வரும்: என் சைக்கிள் வருமா, தாத்தா போட்டோ வருமா, எதிர்வீட்டு ஆன்ட்டி வருவாங்களா, பாத்ரூம் பல்லி வருமா. ஒவ்வொன்றுக்கும் உள்ளபடி பதில் சொல்லுங்கள். சைக்கிள் வரும். போட்டோ வரும். ஆன்ட்டி வரமாட்டார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசலாம். பல்லி அங்கே வேறு இருக்கும், அதற்கு உத்தரவாதம் தரலாம். "சும்மா ஊருக்குத்தான் போறோம், திரும்பி வந்துருவோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு அழுகை நிற்கும், பிறகு ஒவ்வொரு மாலையும் "வேளச்சேரி வீட்டுக்கு எப்பப் போறோம்" என்று கேட்பாள். அதே போல, "புது வீட்டு ஓனர் ரொம்பக் கண்டிப்பு, சத்தம் போட்டா திட்டுவார்" என்ற பூச்சாண்டியும் வேண்டாம். இன்னும் பார்க்காத வீட்டுக்கு ஒரு பூதத்தை நாமே குடிவைத்தது போல ஆகிவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பெரிய லாரி உங்கள் தெருவுக்குள் வராது என்றால், தெருமுனை வரை சாமான் கொண்டுபோகச் சின்ன வண்டி பேசுவார்கள். "காலைல ஆறு மணிக்குக் குட்டி யானை வந்துரும்" என்று நீங்கள் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் வாழைப்பழத்தோடு காத்திருக்கும். டாட்டா ஏஸைப் பார்த்ததும் வருகிற அழுகையை யாராலும் நிறுத்த முடியாது. முன்னாடியே சொல்லி வையுங்கள்.

கட்டுகிற வரிசைக்கு வருவோம். வழக்கமாக என்ன செய்வோம்? பிள்ளைகள் சாமான் சின்னச் சின்னதாக இருக்கிறது, அவசரத்துக்குத் தேவைப்படாது என்று அதை முதலில் மூட்டை கட்டுவோம். நேர்மாறாகச் செய்யுங்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்டது கடைசியில் கட்ட வேண்டும், முதலில் பிரிக்க வேண்டும். புத்தகம், பரண் மேல் பாத்திரம், கொலு பொம்மை, குளிர்காலப் போர்வை, கல்யாண ஆல்பம் எல்லாம் பத்து நாள் முன்பே போகட்டும். அவர்கள் படுக்கிற மூலை, சாப்பிடுகிற தட்டு, குளிக்கிற வாளி, சின்னவனின் தூளி, இவை ஏற்றுகிற அன்று காலைவரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இந்த வயதில் பிள்ளைக்கு வீடு என்பது நாள் ஓடும் வரிசைதான். எழுந்ததும் பால், பிறகு குளியல், பிறகு அந்த மஞ்சள் கிண்ணத்தில் இட்லி, மதியம் தூளி, சாயங்காலம் வாசல். இந்த வரிசை கலையாமல் வேளச்சேரியிலிருந்து சரவணம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. சுவரும் ஜன்னலும் மாறியதைப் பிள்ளைகள் நாம் பயப்படுகிற அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை.

தூளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளையோடு புது வீட்டுக்குப் போய், சாமானெல்லாம் இறக்கி, இரவு ஒன்பது மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் கூரையில் கொக்கி இருக்காது. இப்போது கட்டுகிற அடுக்குமாடிகளில் மின்விசிறிக்கு மட்டும்தான் விடுகிறார்கள், சில வீடுகளில் பால்ஸ் சீலிங் வேறு போட்டிருப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போதே அண்ணாந்து பாருங்கள். கொக்கி இல்லையென்றால் ஓனரிடம் கேட்டு, ஆள் வைத்து, நீங்கள் குடிபோவதற்கு முன்பே காங்கிரீட்டில் போடச் சொல்லுங்கள், அல்லது இரும்பு ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள். இருக்கிற கொக்கியையும் நம்பிப் பிள்ளையைப் போடாதீர்கள். 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தூளிக்குக் கட்டுகிற சேலையைப் புது வீட்டுக்குப் போகிறோம் என்று துவைத்து மடித்து வைக்க வேண்டாம். அந்தப் பழைய வாசனையோடே வரட்டும். முதல் ராத்திரி அவனைத் தூங்க வைப்பதில் பாதி அந்த வாசனையின் வேலை.

மூத்தவளுக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். அவளே படம் வரைந்து, அவளே பொம்மையை வைக்கட்டும். வைத்ததை ஒரு நாளைக்குப் பத்து முறை எடுத்துப் பார்ப்பாள், எடுக்கட்டும், அதற்கு டேப் ஒட்டாதீர்கள். பெட்டிக்குள் போன பொருள் திரும்ப வரும் என்று அவள் கை தெரிந்துகொள்கிறது. பிள்ளைகள் தூங்கின பிறகு உடைந்த பொம்மைகளைக் குப்பையில் போடுகிற வேலையை இந்தச் சமயத்தில் செய்யவே கூடாது. கை உடைந்த அந்தக் கரடியைத்தான் கோவையில் தேடுவாள். கழிப்பதைக் குடிபோய் இரண்டு மாதம் கழித்துக் கழித்துக்கொள்ளலாம்.

வீடு மாறுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் வேறு எந்த மாற்றமும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்துவது, இரவு டயப்பரை நிறுத்துவது, புது வீட்டில் மூன்று படுக்கையறை இருக்கிறதே என்று மூத்தவளைத் தனி அறையில் படுக்க வைப்பது, எல்லாமே தள்ளிப் போகட்டும். "புது வீடு, புதுப் பழக்கம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெட்டியில் போகாமல் உங்கள் கையோடு வர வேண்டிய பை ஒன்று. இரண்டு நாளுக்கு மாற்றுத்துணி, டயப்பர், மஞ்சள் கிண்ணமும் கரண்டியும், பாராசிட்டமால் சிரப், தெர்மாமீட்டர், ஓஆர்எஸ், தடுப்பூசி அட்டை, சத்துமாவு, சின்ன எலக்ட்ரிக் கெட்டில், தூளிச் சேலை, கரடி. மே மாதம் என்பதால் இன்னொரு துண்டும் தண்ணீரும். லாரி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் இந்தப் பையை வைத்துச் சமாளிக்க முடிய வேண்டும். வேறு வீட்டுச் சாமானையும் சேர்த்து ஏற்றுகிற வண்டி என்றால் தாமதம் சர்வசாதாரணம். காசு கொஞ்சம் கூடினாலும் தனி வண்டியாகவே பேசுங்கள்.

ஏற்றுகிற நாள் அக்னி நட்சத்திர வெயிலில் விழலாம், அல்லது அதன் வாலில். ஆறு மணிக்கே ஆட்களை வரச் சொல்லி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிற நேரம் பிள்ளைகள் பக்கத்து வீட்டிலோ பாட்டியோடு பூங்காவிலோ இருக்கட்டும். ஆணி, ஸ்டேப்ளர் பின், தெர்மகோல் உதிரி, பிளாஸ்டிக் உறை எல்லாம் தரையில் கிடக்கும், தவழ்கிறவனுக்கு எல்லாமே வாய்க்குத்தான். ஆனால் வண்டி நிறைந்த பிறகு மூத்தவளை உள்ளே அழைத்து வந்து காலி வீட்டைக் காட்டுங்கள். ஒவ்வொரு அறையாகப் போகட்டும். காலி வீட்டில் குரல் எதிரொலிக்கும், நிச்சயம் கத்திப் பார்ப்பாள். கதவு நிலையில் அவள் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தால், ஒரு நீளமான தாளை ஒட்டி அந்தக் கோடுகளை எல்லாம் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் முதல் வாரமே அதை ஒட்டிவிடலாம். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டு வருவதும் அவள் வேலையாகவே இருக்கட்டும். அழுதால் அழட்டும், நீங்களும் கூடச் சேர்ந்து அழலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

பயணத்துக்கு ராத்திரி ரயில்தான் என் தேர்வு. சாலையில் 500 கிலோமீட்டர், இரண்டு பிள்ளைகள், மே வெயில் என்றால் கார் எல்லோருக்கும் தண்டனை. சேரன் எக்ஸ்பிரஸோ நீலகிரி எக்ஸ்பிரஸோ பிடித்தால் பிள்ளைகள் தூங்கி எழும்போது கோவை. 5 வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம்தான். ஆனால் அன்று உங்கள் உடம்பு ஏற்கெனவே நொந்துபோயிருக்கும், மூத்தவளுக்கும் ஒரு படுக்கை எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். குறைந்தது இரண்டு கீழ்ப்படுக்கையாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் காய்ச்சுவதைப் பெரியவர்கள் நாள் பார்த்துச் சொல்வார்கள். அஷ்டமி நவமி, ராகு காலம் எல்லாம் தள்ளி நேரம் குறித்துத் தருவார்கள், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பிள்ளையின் கோணத்தில் பார்த்தால் இந்தச் சடங்கு அருமையான விஷயம். புது வீட்டுக்குள் அவள் வேடிக்கை பார்க்கிறவளாக நுழையாமல், கையில் ஒரு பொருளோடு நுழைகிறாள். சாமி படம் பாட்டி கையில், குடத்துத் தண்ணீர் உங்கள் கையில், உப்புப் பொட்டலமும் மஞ்சளும் அவள் கையில். பால் பொங்குவதைப் பார்த்துக் கைதட்ட அவளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கேஸ் இணைப்பு அன்று வந்திருக்காது. இண்டக்‌ஷன் அடுப்பில் பொங்கினாலும் பொங்கல்தான். மாமியார் முகம் கொஞ்சம் சுருங்கும், பால் பொங்கியதும் சரியாகிவிடும்.

லாரி வந்ததும் எல்லா அறைக்கும் எல்லாச் சாமானும் என்று இறக்காதீர்கள். ஒரு அறையை மட்டும் முதலில் முடியுங்கள். பெருக்கித் துடைத்து, மின்விசிறி சுற்றுகிறதா பார்த்து, பாய் விரித்து, தூளி கட்டி, ஜன்னலுக்கு ஒரு பழைய வேட்டியையாவது திரையாகப் போட்டு, பிள்ளைகளையும் பாட்டியையும் அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். மற்ற அறைகள் இரண்டு வாரம் போர்க்களமாக இருந்தாலும் பரவாயில்லை. டிவி கடைசியில் மாட்டினால் போதும்.

இனிச் சொல்லப்போவதைக் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு விபத்து நடக்க மிகவும் வாய்ப்புள்ளது இந்த முதல் வாரம்தான். பழைய வீட்டில் எந்தெந்தப் பொருள் எட்டாத உயரத்தில் இருந்ததோ, அதெல்லாம் இப்போது தரையில் இருக்கிறது. பூஜைச் சாமான் பெட்டியில் இருக்கும் கற்பூரம் பார்க்கக் கற்கண்டு போல இருக்கும். ஒன்றிரண்டு கட்டியை விழுங்கினாலே சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரக்கூடும், அதுவும் சீக்கிரமே வரும். சேலைகளுக்கு நடுவில் போட்டிருக்கும் அந்துருண்டையும் அப்படித்தான், அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கட்டும்போதே இரண்டையும் தனி டப்பாவில் போட்டு, மூடியில் டேப் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்து, போனதும் மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் கொண்டுவரவே வேண்டாம், அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வண்டியில் கொட்டிவிடுமே என்று யாராவது அதைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடி வைப்பார்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். இவற்றில் எதையாவது விழுங்கியது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வண்டி இல்லையென்றால் 108. ரிமோட்டிலும் விளையாட்டுப் பொம்மையிலும் இருக்கும் வட்ட பேட்டரியும் இதே பட்டியலில் சேர்த்தி. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது வீடே. முன்பு குடியிருந்தவர்கள் அடுப்படி அலமாரி மூலையிலும் பரணிலும் எலி மருந்தையும் கரப்பான் சாக்பீஸையும் விட்டுப் போயிருப்பார்கள். சின்னவனைத் தரையில் விடுவதற்கு முன் ஒருவர் மண்டிபோட்டு, அவன் கண் மட்டத்தில் வீடு முழுக்க ஒரு சுற்று வர வேண்டும். குனிந்து பார்த்தால்தான் தெரியும், தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கும் பிளக் பாயின்ட், சோபாவுக்கு அடியில் போகும் திறந்த ஒயர். பாத்ரூம் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு உள்ளே தாழ்ப்பாள் போடத் தெரியும், திறக்கத் தெரியாது. தற்காலிகமாக அதைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத புது ஊரில் எல்லா வாளியிலும் பிடித்து நிரப்பி வைப்போம். பத்து மாதப் பிள்ளை வாளியைப் பிடித்து எழுந்து நின்று தலைகுப்புற விழுந்தால் அதனால் வெளியே வர முடியாது, சில அங்குலத் தண்ணீரே போதும். பிடித்து வைத்தே ஆக வேண்டும் என்றால் பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்க வேண்டும். தரைத்தள வீடு என்றால் சம்ப் மூடி ஆடுகிறதா, பூட்டு இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

பால்கனிக் கம்பிகளுக்கு இடையே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை கட்டாமல் கதவைத் திறக்காதீர்கள். வலை கட்டியும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. பிரிக்காத பெட்டிகளை இடமில்லை என்று பால்கனியில் அடுக்குவோம். மூத்தவளுக்கு அது அழகான படிக்கட்டு. பெட்டியும் ஸ்டூலும் பால்கனியிலும் ஜன்னலோரத்திலும் இருக்கவே கூடாது. பீரோவை இறக்குகிறவர்கள் அவசரத்தில் ஏதோ ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுப் போவார்கள். தரை சமமில்லாமல் இருந்தால், கதவைத் திறந்து அதில் தொங்குகிற பிள்ளையின் மேலேயே சாய்ந்துவிடும். அன்று இரவே ஆப்பு வைத்துச் சுவரோடு நிறுத்திப் பூட்டிச் சாவியை எடுத்துவிடுங்கள்.

கோவைத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவை என்றதும் சிறுவாணித் தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஊர் முழுக்க அதுதான் வரும் என்று இல்லை. பில்லூர்த் தண்ணீர் வரும் பகுதிகள் உண்டு. பல வீடுகளில் நல்ல தண்ணி குழாய் ஒன்று, உப்புத் தண்ணி குழாய் ஒன்று என்று இரண்டு இருக்கும். எது எது என்று போன அன்றே கேட்டுக்கொண்டு, நல்ல தண்ணிக் குழாயில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் கிடக்கும்போது குக்கரைக் குற்றம் சொல்வோம். சின்னவனுக்குக் கொடுக்கும் தண்ணீரைக் காய்ச்சியே கொடுங்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களோடு பேச்சு ஆரம்பிக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

குடிபோன பிறகு மூத்தவள் கொஞ்சம் பின்னால் போவாள். படுக்கையில் சிறுநீர் போகலாம், தம்பி போல மழலை பேசலாம், சாப்பாட்டை ஊட்டச் சொல்லலாம், தம்பியைக் கிள்ளலாம். "இவ்ளோ பெரிய பொண்ணு" என்று ஆரம்பிக்காமல் ஊட்டிவிடுங்கள். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் அதுவாகவே சரியாகிவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு குறைந்து எடை இறங்கினாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளைச் சின்னவனோ மூத்தவளோ விட்டுவிட்டதாகத் தோன்றினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அது வீடு மாறியதால் வருவது என்று யார் சொன்னாலும் உடனே காட்டிவிடுங்கள்.

மாலை நேரம்தான் கடினம். பழைய வீட்டில் அந்த நேரத்துக்கு வாசலில் பிள்ளைகள் இருப்பார்கள், இங்கே யாரும் இல்லை. முதல் வாரம் தினமும் அதே நேரத்துக்கு இரண்டு பேரையும் கீழே கூட்டிப்போய் ஒரே இடத்தில் உட்காருங்கள். பெட்டி பிரிக்காமல் கிடந்தாலும் இதை விடாதீர்கள். கொங்குப் பக்கத்து ஆட்கள் பிள்ளைகளை "சாமி", "கண்ணு" என்று கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்வார்கள், நீங்கள் வாசலில் தென்பட்டால் போதும். செப்டம்பருக்குள் உங்கள் மகள் "அம்மா, சாப்பாடு வேணுங்க" என்று சொல்லி மாமியாரைச் சிரிக்க வைப்பாள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸ் இணைப்பு, ஊர் விட்டு ஊர் என்பதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சென்னை ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் வவுச்சரைக் கோவை ஏஜென்சியில் காட்டிப் புதிதாக எடுக்க வேண்டும். லாரியில் சிலிண்டரை ஏற்றாதீர்கள். இடைப்பட்ட நாட்களுக்கு இண்டக்‌ஷனும் எலக்ட்ரிக் ரைஸ் குக்கரும் போதும். இரண்டு வீட்டு மின் மீட்டரையும் சாவி கை மாறுகிற அன்று போட்டோ எடுத்து வையுங்கள். ரேஷன் அட்டை முகவரியை ஆன்லைனில் மாற்றலாம், அவசரம் இல்லை. மூத்தவள் எல்கேஜி முடித்து யுகேஜி போகிறாள் என்றால், பழைய பள்ளியில் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அவளுக்குரிய எண்) வாங்கிக்கொண்டு, அந்தப் பதிவில் அவள் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டு வாருங்கள். அதைச் செய்யாமல் வந்தால் புதுப் பள்ளியால் அவளைத் தங்கள் கணக்கில் சேர்க்க முடியாது, நீங்கள் சென்னைக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். சின்னவனுக்கு ஒன்பது மாதத்துத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். போடவில்லை என்றால் கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள், பயணத்தில் காய்ச்சல் வேண்டாம். அடுத்தது 16 மாதத்தில்தான். அதைக் கோவையில் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதே அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.